கஷ்ட காலத்தில் சாமியை நம்புவது எப்படி? திருவதிகையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பண்ருட்டியை ஒட்டிய திருவதிகை வீரட்டானேசுவரர் கோயிலில் திங்கட்கிழமை சாயங்காலம் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து தேவாரம் பாடுவோம். பாடி முடித்துப் புத்தகத்தை மூடும் நேரத்தில் யாராவது ஒருவர் மெல்லப் பக்கத்தில் வந்து உட்காருவார். பெரும்பாலும் முன்பின் தெரியாதவர். ‘அக்கா, ஒண்ணு கேட்கலாமா’ என்று தொடங்குவார். வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். பதில்கள் நான் படித்ததிலும் பட்டதிலும் இருந்து வந்தவை. நான் தீட்சை கொடுக்கும் குருவோ பண்டிதரோ இல்லை, பாடத் தெரிந்த ஒரு பெண். அவ்வளவுதான்.

“நம்பு, நம்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதை நம்புவது? எல்லாம் சரியாகிவிடும் என்றா?”

சரியாகிவிடும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. ஸ்கேனில் என்ன வரும், பையனுக்கு எப்போது வேலை கிடைக்கும், அடகு வைத்த நிலம் திரும்புமா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. நம்மைத் தாங்குகிறவன் ஒருவன் இருக்கிறான், நடுவழியில் கையை உதறமாட்டான். நான் நம்பச் சொல்வது அதை மட்டும்தான்.

‘என் கடன் பணி செய்து கிடப்பதே’ என்ற அப்பர் வரி எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய வரியைக் கேட்டால் பல பேர் விழிப்பார்கள். ‘தன் கடன் அடியேனையும் தாங்குதல்’ என்பது அந்த வரி. மேலக்கடம்பூர்ச் சாமியைப் பாடியது. இரண்டு கடன் இருக்கிறது, பாருங்கள். தாங்குவது அவன் கடன், அன்றைய வேலையைச் செய்வது என் கடன். கஷ்டம் வந்தால் நாம் அவன் கடனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, நம்முடையதைக் கீழே போட்டுவிடுகிறோம். ராத்திரி முழுக்க யோசித்து யோசித்து, காலையில் வாசல் தெளிக்கக்கூடத் தெம்பில்லாமல் போகிறது. எனக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன்.

“நான் யாருக்கும் கெடுதல் செய்ததில்லை. எனக்கு ஏன் இப்படி?”

இதைக் கேட்டதற்காக யாராவது உங்களைக் குறை சொன்னால் காதில் வாங்காதீர்கள். அப்பர் பாடிய முதல் தேவாரமே இந்தக் கேள்விதான். அதையும் இதே திருவதிகையில்தான் கேட்டார். சூலை நோய் வந்து குடலை முறுக்குகிறது. பார்த்த வைத்தியம் எதுவும் பலிக்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக அக்காவைத் தேடி வருகிறார். அக்கா திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் கூட்டிப்போகிறாள். அங்கே நின்று அவர் பாடியது, ‘கூற்றாயினவாறு விலக்ககிலீர், கொடுமை பல செய்தன நான் அறியேன்.’ எமனாக வந்து நிற்கிற இதை நீர் விலக்க மாட்டேன் என்கிறீர், நான் என்ன கொடுமை செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பாட்டு முடிவதற்குள் ‘ஆற்றேன்’ என்கிறார். என்னால் தாங்க முடியவில்லை என்று அர்த்தம்.

ஏன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ‘தாங்க முடியவில்லை’ என்ற சொல்லோடு ஒருவர் இந்த வாசலுக்குள் நுழையலாம் என்பது எனக்கு உறுதியாகத் தெரியும். அப்பருக்கு நாவுக்கரசர் என்ற பெயரே அப்படி நுழைந்த பிறகு கிடைத்ததுதான்.

“போன ஜென்மத்துப் பாவம், அனுபவித்துத்தான் தீரணும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்களே?”

வினை உண்டு என்றுதான் சைவம் சொல்கிறது. ஆனால் படுத்துக் கிடப்பவர் தலைமாட்டில் நின்று அதைச் சொல்வது எந்தச் சைவத்திலும் இல்லை. கொங்கு நாட்டில் கொடிமாடச் செங்குன்றூரில், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில், சம்பந்தர் தங்கியிருந்தபோது கூட வந்த அடியார்கள் குளிர்சுரத்தில் விழுந்தார்கள். உங்கள் பழைய கணக்கு இது என்று அவர் சொல்லவில்லை. ‘அவ்வினைக்கு இவ்வினை என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே, உய்யும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையில்லையா’ என்று கேட்டு, எல்லோருக்காகவும் திருநீலகண்டப் பதிகம் பாடினார். ‘செய்வினை வந்து எமைத் தீண்டப்பெறா’ என்று அதில் ஆணையே இடுகிறார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடமும் ஒரு உறவுக்காரர் இந்தக் கணக்கைப் பேசினார். அன்றைக்கு என் கணவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவருக்குத் தேவைப்பட்டது ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர். பேசியவர் அதை வாங்கி வந்து தந்திருக்கலாம்.

“எனக்குச் சாமி மேல் கோபமாக வருகிறது. போன வாரம் படத்துக்கு முன்னால் நின்று திட்டிக்கூட விட்டேன். பாவமா?”

இதைக் கேட்டுவிட்டு நிறையப் பேர் அழுதுவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, உன்னைப் பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். திருவாரூர் ஏக்கம் வந்து சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயிற்று. தப்பு அவருடையதுதான். அப்படியும் அவர் அடங்கவில்லை. தடவித் தடவி வெண்பாக்கம் வந்து, கோயில் வாசலில் நின்று, ‘உள்ளே இருக்கிறீரா’ என்று கேட்டார். ‘உளோம் போகீர்’ என்று பதில் வந்தது. இருக்கிறோம், போம். கண் வரவில்லை, ஒரு ஊன்றுகோல்தான் கிடைத்தது. அந்த வெண்பாக்கம் இப்போது பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. சாமியைப் பெயர்த்து வந்து பூண்டியில் கோயில் கட்டியிருக்கிறார்கள். கொடுத்த கோலை அவர் கோபத்தில் வீசினார், அது நந்தி மேல் பட்டுக் கொம்பு ஒடிந்தது என்று அங்கே சொல்வார்கள்.

காஞ்சிபுரத்தில் இடக்கண் வந்தது. ஒரு கண்ணோடு திருவாரூர் போனவர் நன்றி சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. உனக்கே அடிமையாக இருந்து, வேறு யாரையும் வேண்டாமல், ‘மூளாத் தீப்போல் உள்ளே கனன்று’ முகம் வாடி நிற்கிற அடியார்கள் தங்கள் அல்லலைச் சொன்னால் நீர் பேசாமல் இருப்பீர், ‘வாழ்ந்து போதீரே’ என்று பாடினார். நீராவது நன்றாக இரும் சாமி, என்று மனசு வெந்து சொல்வோமே, அந்தத் தொனி. அந்தப் பதிகத்துக்குப் பிறகுதான் வலக்கண் வந்தது. அவர் கோபமாகப் பாடியதை இன்றைக்கும் கோயிலில் பண்ணோடு பாடுகிறோம். திட்டினாலும் அவனிடமே போய்த் திட்டினார் என்பதைக் கவனியுங்கள். நீங்களும் படத்துக்கு முன்னால்தானே நின்றீர்கள்.

“பேசவே பிடிக்கவில்லை. கோபம் கூட இல்லை. வாய் பாட்டுக்குப் பாடுகிறது, மனசு ஒட்டவில்லை.”

கோபத்தை விட இது கடினம். என் கணவர் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு எனக்கு ஏழெட்டு மாதம் இப்படி இருந்தது. வரி வரியாகப் பாடுவேன், ஒரு சொல்லும் உள்ளே இறங்காது. நிறுத்தட்டுமா என்று எங்கள் ஓதுவார் ஐயாவிடம் கேட்டேன். ‘பாடாதே, விளக்குத் திரி மட்டும் திரித்துக் கொடு’ என்றார். பழைய வேட்டியைக் கிழித்துத் திரி திரித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். தொடையில் வைத்து உருட்டி உருட்டி உள்ளங்கை எல்லாம் நூல் பிசிராக இருக்கும். அந்தத் திரியைப் போட்டு சாமிக்கு விளக்கு எரிந்தது. என் மனசு ஒட்டியதா இல்லையா என்று விளக்கு கேட்கவில்லை.

கும்பகோணம் பக்கம் அழகாபுத்தூரில் இருந்த புகழ்த்துணை நாயனார் கதையை அதற்கப்புறம்தான் சரியாகப் படித்தேன். கொடும் பஞ்சம். பசியோடு அரிசிலாற்றுத் தண்ணீரைக் குடத்தில் சுமந்து வந்து அபிஷேகம் செய்கிறவர், ஒரு நாள் தளர்ந்துபோய்க் குடத்தைச் சிவலிங்கத்தின் தலையிலேயே போட்டுவிட்டார். நடுங்கிப் போய்விட்டார். கோபிக்க வேண்டிய இடம்தானே. ஆனால் பஞ்சம் தீருகிற வரை தினம் ஒரு காசு வைக்கிறேன் என்று பதில் வந்தது. கை நழுவினாலும் குடம் எடுத்து வந்தவர் கணக்கில் அது குறையவில்லை.

“எனக்கு ராகம் தாளம் தெரியாது. எதில் தொடங்குவது?”

ஐந்தெழுத்தில் தொடங்குங்கள். அப்புறம் ஒரே ஒரு பாட்டு. ‘மாசில் வீணையும்’ நாலே வரி, ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். நீற்றறையில், அதாவது சுண்ணாம்புக் காளவாயில், அப்பரை ஏழு நாள் அடைத்து வைத்தபோது பாடியது. சுற்றி நெருப்பு, பாட்டில் வருவதோ வீணை, மாலை நிலா, வீசு தென்றல், வண்டு மொய்க்கும் பொய்கை. ராகம் இல்லாவிட்டால் படிக்கிற மாதிரிச் சொன்னால் போதும்.

“அழுது வேண்டிக்கொண்டேன். நடக்கவில்லை. இனி எதற்குக் கும்பிட வேண்டும்?”

எனக்கு இதில் அப்பரின் கடைசிக் காலம் ஞாபகம் வரும். வயதான பிறகு கைலாயத்தைப் பார்க்க ஆசைப்பட்டு வடக்கே நடந்தார். கால் தேய்ந்தது, கையால் தவழ்ந்தார், மார்பால் நகர்ந்தார், புரண்டார், கடைசியில் அசைய முடியாமல் கிடந்தார். கைலாயம் கிடைக்கவில்லை. அங்கே இருக்கும் பொய்கையில் முழுகு என்றார்கள். எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். கிளம்பிய சோழ நாட்டுக்கே திரும்பிவிட்டார். அங்கே ஒரு பெண் யானையும் ஆண் யானையும் சேர்ந்து வருவதைப் பார்க்கிறார். கோழியும் சேவலும் பார்க்கிறார். எல்லாமே அம்மையும் அப்பனுமாகத் தெரிகிறது. ‘கண்டறியாதன கண்டேன்’ என்று பாடுகிறார்.

இதை வைத்து, கேட்டது கிடைக்காவிட்டால் நல்லதுக்குத்தான் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது சுலபம், கேட்பவருக்கு வலிக்கும். நீங்கள் கேட்டது ஒன்று, கிடைக்காமல் போனது நிஜம், அந்த வருத்தத்தோடே வாருங்கள். ஆனால் கேட்டது மட்டும்தான் அவனிடம் இருந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். திருவையாறு உங்களுக்கு எங்கே என்று எனக்கும் தெரியாது.

“ஜாதகத்தில் நேரம் சரியில்லை என்கிறார்கள். கோளறு பதிகம் எத்தனை நாள் படித்தால் சரியாகும்?”

படியுங்கள், தினமும் படியுங்கள். நாள் கணக்கு மட்டும் வைக்காதீர்கள். அந்தப் பதிகம் பிறந்த இடம் வேதாரண்யம். சம்பந்தர் மதுரைக்குக் கிளம்புகிறார், நாளும் கோளும் நன்றாக இல்லை, போகவேண்டாம் என்று அப்பர் தடுக்கிறார். தடுத்தவர் சாதாரண ஆள் இல்லை, பயமும் பொய்யில்லை. அப்போது ‘வேயுறு தோளி பங்கன்’ என்று தொடங்கி 11 பாட்டுப் பாடிவிட்டு, சிறுபிள்ளை பல்லக்கு ஏறிவிட்டது.

அதற்கு அடுத்து நடந்ததை யாரும் சொல்வதில்லை. மதுரையில் அவர் தங்கிய மடத்துக்கு அந்த ராத்திரியே தீ வைத்தார்கள். கோளறு பதிகம் பாடியவருக்குத்தான் இது நடந்தது. பதிகம் பாடினால் தீ வராது என்று இருந்திருந்தால் அவர் அன்றைக்கே நம்பிக்கை இழந்திருப்பார். தீ வந்தபோதும் பாடினார். இடைஞ்சல் வராமல் தடுக்கும் தாயத்தாக அதைக் கையில் எடுக்காதீர்கள். பயத்தோடு கிளம்ப வேண்டிய ஒரு பயணத்துக்குத் துணையாக எடுங்கள்.

“பரிகாரத்துக்கு நாற்பதாயிரம் ஆகும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். கடன் வாங்கியாவது செய்துவிடலாமா?”

வேண்டாம். கடனே உங்கள் கஷ்டமாக இருக்கும்போது இன்னொரு கடன் எதற்கு? ‘யாவர்க்குமாம் இறைவற்கு ஒரு பச்சிலை’ என்பது திருமூலர் வாக்கு. ஒரு வில்வ இலை போதும் என்றால் போதும்தான். பயந்திருப்பவரிடம் பெரிய தொகை கேட்கிறவரைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள். இதில் எனக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை.

“நேர்த்திக்கடன் பாக்கி இருக்கிறது. செய்ய வசதி இல்லை. அதனால்தான் கஷ்டம் தொடர்கிறதோ என்று பயமாக இருக்கிறது.”

பாக்கி வசூலிக்க வட்டிக்கடைக்காரர் மாதிரி வாசலில் நிற்பவன் இல்லை அவன். சாமி முன்னால் போய், இப்போது முடியவில்லை, முடியும்போது செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதுவரை கையால் ஆனதைச் செய்யலாம். பிரகாரம் பெருக்கலாம். அப்பர் கையில் எப்போதும் உழவாரம் இருக்கும், புல் செதுக்குவதற்கு.

“தானே புயலில் முந்திரிக்கொல்லை எல்லாம் போச்சே, அப்போது சாமி எங்கே இருந்தார்?”

இதைக் கேட்டது என் சித்தப்பா. 2011 டிசம்பர் 30 விடியற்காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் புயல் கரை கடந்தது. விடிந்து போய்ப் பார்த்தால் அவர் தாத்தா வைத்த பலா மரம் ஆகாயத்துக்கு வேரைக் காட்டிக்கொண்டு கிடந்தது. செம்மண் ஈரமாக அதில் ஒட்டியிருந்தது. முந்திரி ஒரே திசையில் வரிசையாகச் சாய்ந்திருந்தது. சித்தப்பா ஒவ்வொரு மரத்தையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தார், ஒன்றும் பேசவில்லை. அதற்கப்புறம் பல நாளைக்கு ஊர் முழுக்க மரம் அறுக்கிற மெஷின் சத்தம்தான். ஒட்டுக்கன்று வைத்தாலும் காய்ப்புக்கு வர மூன்று நாலு வருஷம் ஆகும். பலா இன்னும் மெதுவாக வரும். அறுபது வயதில் அவர் அந்தக் கணக்கைப் போட வேண்டியிருந்தது.

எங்கே இருந்தார் என்பதற்கு நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு நேர்ப் பதில் சொல்லமாட்டேன். சித்தப்பா கொஞ்ச நாள் கோபுர வாசல் வரை வந்து, உள்ளே வராமல் நின்றுவிட்டுப் போவார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அது சரி என்றே நினைக்கிறேன். அடுத்த மழைக்கு அவர் கன்று வாங்கிக் குழி எடுத்தார். ‘நம்பிக்கை வந்துடுச்சா’ என்று கேட்டேன். ‘குழி எடுக்கிற நாள் வந்துடுச்சு’ என்றார்.

“எத்தனை மாதம் இப்படியே போகும்? எப்போது விடியும் என்று ஒரு தேதி தெரிந்தால் தாங்கிக்கொள்வேன்.”

தேதி தெரியாமல் இருப்பதுதான் பாதி வலி. மேலே புகழ்த்துணையார் கதையில் கிடைத்த காசைப் பாருங்கள். தினம் ஒன்று. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோதும் அப்படித்தான். சம்பந்தருக்குக் கிழக்குப் பீடத்தில் ஒரு காசு, அப்பருக்கு மேற்குப் பீடத்தில் ஒரு காசு. அன்றைக்கு அடியார்களுக்குச் சமைக்கப் போதும். அடுத்த நாளுக்கு அடுத்த நாள்தான். பஞ்சம் முழுவதற்கும் சேர்த்து ஒரு குடம் பொன்னை யாரும் வைக்கவில்லை. சம்பந்தர் மடத்தில் மட்டும் சமையல் நேரம் கழித்தே ஆயிற்று. விசாரித்தால், அவர் காசைக் கடையில் வாசி, அதாவது கழிவு, பிடித்துக்கொண்டுதான் மாற்றுகிறார்கள், அப்பர் காசுக்கு முழு மதிப்பு. உழவாரத்தோடு கைத்தொண்டு செய்கிறவர் காசு அது. சம்பந்தர் ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ என்று கேட்டு வாங்கினார். மாற்றுக் குறைகிறது என்று சாமியிடம் கேட்கலாம், தப்பில்லை.

அதனால் நான் சொல்வது, இன்றைக்கு உரிய காசு எது என்று சாயங்காலம் ஒருமுறை தேடிப் பாருங்கள். சொல்லாமலே சாப்பாடு கொண்டுவந்த பக்கத்து வீட்டுப் பெண், வலி குறைந்த அரைமணி நேரம், வாய்தா கொடுத்த கடன்காரர். சில நாள் ஒன்றும் இருக்காது. அதையும் நேர்மையாக ஒத்துக்கொள்ளுங்கள்.

“மாத்திரை சாப்பிட்டால், டாக்டரிடம் போனால் நம்பிக்கை இல்லை என்று அர்த்தமா?”

இல்லவே இல்லை. மருந்தை நிறுத்திவிட்டு விபூதி மட்டும் பூசுகிறேன் என்று யாராவது சொன்னால் நான் சண்டையே போடுவேன். விபூதியும் பூசுங்கள், மாத்திரையும் நேரத்துக்குப் போடுங்கள். டாக்டர் கை வழியாகவும் அவன் தன் கடனைச் செய்யலாம்.

“வாழவே பிடிக்கவில்லை. இது நம்பிக்கைக் குறைவா?”

குறைவு இல்லை, அளவுக்கு மீறிய வலி. பதிகம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழில் பேசுவார்கள். மனநல மருத்துவரைப் பார்ப்பது சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிற மாதிரிதான். எங்களில் யாராவது கூட வரவேண்டும் என்றாலும் வருவோம்.

“படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். கோயிலுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. சாமி கோபித்துக்கொள்வாரா?”

2020இல் ஊரடங்கில் கோயில் எல்லாம் மாதக்கணக்கில் மூடிக்கிடந்ததே, அப்போது வீட்டு மாடத்து விளக்கு முன்னால்தான் எல்லோரும் நின்றோம். திருநின்றவூர்ப் பூசலாருக்குக் கோயில் கட்டப் பணம் இல்லை. மனசுக்குள்ளேயே கல் அடுக்கி, சுதை பூசி, குளம் வெட்டி, மதில் எடுத்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் கற்றளி, அதாவது கற்கோயில், கட்டிய பல்லவ ராஜாவும் நாள் வைத்திருந்தார். அன்றைக்குப் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் நாளைத் தள்ளி வை என்று ராஜா கனவில் சாமி சொன்னாராம். அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டுகிற நேரமே உங்களுக்குப் பூஜை நேரம்.

“அப்பூதியடிகள் மகன் பாம்பு கடித்துச் செத்தபோது அப்பர் பாடி எழுப்பினார். என் பிள்ளையை ஏன் எழுப்பவில்லை?”

கேட்டவர் ஒரு தகப்பனார். நான் பிள்ளையைப் பறிகொடுத்தவள் இல்லை. அதனால் இதில் தெரிந்த மாதிரிப் பேச எனக்கு உரிமை இல்லை. அன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். திங்களூரில் நடந்த அந்த அதிசயத்தை நான் நம்புகிறேன். அது எல்லோருக்கும் நடப்பதில்லை என்பதையும் கண்ணால் பார்க்கிறேன்.

பல நாள் கழித்து அவரை இந்தக் கோயிலில் திலகவதியார் சன்னதிக்குக் கூட்டிப்போனேன். அப்பருடைய அக்கா. திருவாமூர்ப் பெண். அப்பா நோயில் போனார், அம்மாவும் பின்னாலேயே போனாள். நிச்சயித்திருந்த கலிப்பகையார் போருக்குப் போய்த் திரும்பவில்லை. தானும் போய்விடலாம் என்று நினைத்தவள், தம்பி தனியாகிவிடுவானே என்று நின்றாள். அந்தத் தம்பியும் அப்புறம் வேறு சமயம் தேடிப் போய்விட்டான். இவள் இழந்த யாரும் எழுந்து வரவில்லை. ஒரு பதிகத்திலும் வரவில்லை. அவள் இங்கே வந்து வாசல் பெருக்கினாள், சாணம் மெழுகினாள், பூக்கட்டினாள். அதிசயம் கிடைக்காதவர்களுக்கு இந்தக் கோயிலில் ஒரு சன்னதி இருக்கிறது என்பதை அவருக்குக் காட்ட நினைத்தேன். ரொம்ப நேரம் நின்றார். ‘இந்தம்மாவுக்கு யார் ஆறுதல் சொல்லியிருப்பா’ என்று மட்டும் கேட்டார்.

“என் வீட்டுக்காரர் சாமியே இல்லை என்று விட்டுவிட்டார். அவரை எப்படி மாற்றுவது?”

மாற்றப் பார்க்காதீர்கள். தம்பி போனபோது திலகவதியார் துரத்திக்கொண்டு போய் வாதம் பண்ணவில்லை. சாமியிடம்தான் சொல்லி அழுதாள். அவன் வயிற்று வலியோடு வந்து நின்றபோது, அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, திருநீற்றை எடுத்துக் கொடுத்தாள். உங்கள் வீட்டுக்காரருக்கு நேரத்துக்குச் சாப்பாடு போடுங்கள், நீங்கள் கும்பிடுவதைச் சத்தமில்லாமல் கும்பிடுங்கள். வேறு ஒன்றும் செய்யவேண்டாம்.

“பகலில் சமாளித்துவிடுகிறேன். ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்து நெஞ்சு அடிக்கிறது. அப்போது என்ன செய்வது?”

படுத்தபடி யோசிக்காதீர்கள், எழுந்து உட்காருங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். நெற்றியில் நீறு பூசிக்கொண்டு, மேலே சொன்ன அந்த ஒரு பாட்டை, பக்கத்தில் படுத்திருப்பவர் முழிக்காத அளவுக்கு முணுமுணுத்துச் சொல்லுங்கள். பாட்டு மறந்துபோனால் ‘ஆற்றேன்’ என்ற ஒரு சொல் போதும், இந்தக் கோயிலில் அது செல்லும்.

தூக்கம் வந்தால் படுங்கள். வராவிட்டால் நான் செய்வதைச் சொல்கிறேன். அடுப்படிக்குப் போய் மறுநாளைக்கு அரிசி களைந்து ஊற வைப்பேன், கீரை ஆய்வேன். சில நாள் திரி திரிப்பேன். ஐந்து மணிக்குப் பால்காரர் மணியடிப்பார். போய்க் கதவைத் திறப்பேன்.